பெயரும் பொருளும்: தொட்டிலில் ஒரு பெரியவர்



மாதந்தோறும் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அது எந்த மொழியிற் பிறந்தது, எவ்வழியாக நம் வீட்டுக்கு வந்தது என்று இப்பகுதியில் பார்த்து வருகிறோம். இம்மாதப் பெயரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அது அச்சன்புதூரிலிருந்து அஞ்சலில் வந்து சேர்ந்தது.

தென்காசிக்கு வடக்கே, மலையடிவாரத்து வயல்களின் நடுவே அமைந்த அப்பேரூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருக்குத் தலைப்பிள்ளை பிறந்துள்ளது, ஆண் குழந்தை. கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். குழந்தைக்குத் தம் தந்தையாரின் பெயரை இட வேண்டும் என்பது மாமனாரின் விருப்பம். அப்பெயர் பீர்முகம்மது. கணவரோ கைப்பேசியில் நீண்டதொரு பட்டியலை அனுப்பி, "ஊரில் யாருக்கும் இல்லாத அபூர்வமான பெயராகப் பார்" என்று எழுதியுள்ளாராம்.

சகோதரி கேட்டிருப்பவை மூன்று. பீர் என்பதற்குப் பொருள் என்ன? அது அரபுச் சொல் அன்று என்கிறார்களே, முஸ்லிம் குழந்தைக்கு வைக்கலாமா? பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்ய மாட்டார்களா? இம்மூன்றையும் எழுதிவிட்டு, கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் மற்றொன்றும் எழுதியிருக்கிறார். "மாமா ஒரு முறைதான் கேட்டார்கள். அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் எனக்கு மனத்தை என்னவோ செய்கிறது."

முதற் கேள்விக்கு விடை கூறுவது எளிது. பீர் என்பது பாரசீகச் சொல். முதியவர், வயது நிறைந்தவர் என்பது அதன் நேர்ப்பொருள். அம்மொழியில் அதற்கு எதிர்ச்சொல் ஜவான். இளைஞன் என்று பொருள். போர்வீரனைக் குறிக்க நாம் வழங்கும் அதே ஜவான்தான். முதியவர் என்ற பொருளிலிருந்து, வழிகாட்டும் பெரியவர், ஆன்மிக ஆசான் என்ற பொருளுக்குப் பீர் உயர்ந்தது. அரபு மொழியில் ஷைகு என்னும் சொல்லும் இதே படிகளில்தான் ஏறி வந்தது. கிழவர் என்று தொடங்கி, தலைவர், ஆசிரியர், ஞானகுரு என வளர்ந்தது. ஆகவே ஷேக் முகம்மது, பீர்முகம்மது ஆகிய இரண்டும் ஒரே பெயரின் அரபு வடிவமும் பாரசீக வடிவமும் எனலாம். ஷேக் முகம்மது என்ற பெயரைக் கேட்டு எவரும் புருவம் உயர்த்துவதில்லை!

தமிழும் இவ்வழியிற் பின்தங்கவில்லை. நம் தென்பகுதி முஸ்லிம் வீடுகள் பலவற்றில் தந்தையை வாப்பா என்றும் பாட்டனாரை அப்பா என்றும் அழைப்பது வழக்கம். சதக்கத்துல்லாஹ் அப்பா, பீர்முகம்மது அப்பா என்று இறைநேசர்களை நாம் வழங்குவது அந்தப் பாட்டனார் முறையில்தான். பீர்முகம்மது அப்பா என்று சொல்லும்போது பெயரின் முன்னும் பின்னுமாக இரண்டு பெரியவர்கள் நிற்கிறார்கள். ஒருவர் பாரசீகர், மற்றவர் தமிழர்.

எழுத்தொற்றுமையால் நேரும் மயக்கங்களையும் இங்கே தீர்த்துவிடுவோம். அக்பரின் அவையிலிருந்த பீர்பாலுக்கும் இந்தப் பீருக்கும் உறவில்லை. அது வீரம் குறித்த வடசொல்லின் திரிபு. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து உருது பேசும் வீடுகளில் பீர் என்றால் திங்கட்கிழமை. சங்கப் பாடல்களில் வரும் பீர், பீர்க்கம்பூ. காதலனைப் பிரிந்தவளின் பசலை நிறத்துக்கு அப்பூவின் மஞ்சளை உவமை கூறினர் நம் புலவர்கள். அரபு நாட்டில் கதை வேறு. 'பள்ளி' என்பதில் நாம் ஒலிக்கும் பகரம் அரபு மொழியில் இல்லை. 'பத்ரு' என்பதில் ஒலிப்பதுதான் உண்டு. ஆகையால் வளைகுடாவில் பணிபுரியும் நம்மவர் பெயரை அரபியர் அந்த எழுத்தால் எழுதி அந்த ஒலியால் அழைப்பர். அவ்வொலிக்கு அரபியில் கிணறு என்று பொருள். ஸம்ஸம் கிணற்றுக்கு வழங்கும் சொல்லும் அதுவே. மதீனாவிலிருந்து மக்காவுக்குச் செல்வோர் இஹ்ராம் அணியும் துல்ஹுலைஃபாவைப் 'பீர் அலி' என்று சொல்லக் கேட்ட ஹாஜிகள், அது அலீ என்ற பெரியவரைக் குறிப்பதாக எண்ணியிருக்கக் கூடும். அது அலீயின் கிணறு.

அரபியில் இல்லாத அந்தப் பகரத்துக்காக நம் முன்னோர் கலங்கவில்லை என்பதையும் இடையே சொல்ல வேண்டும். அரபுத்தமிழ் என்னும் எழுத்து முறையில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை அமைத்தனர். பகரத்துக்கும் அவ்வாறே ஓரெழுத்து உண்டு. பெயரை எழுத்துக்காக வெட்டாமல், பெயருக்காக எழுத்தைச் செய்துகொண்டவர்கள் அவர்கள்!

இனி, இப்பெயரைத் தாங்கியவர்கள் சிலரைக் காண்போம். தைமூரின் பேரர் ஒருவர் பீர்முகம்மது. 1398இல் தைமூர் தில்லிமீது படையெடுத்தபோது, முன்னதாகவே வந்து முல்தானை முற்றுகையிட்டவர் அவர்தாம். 1405இல் தைமூர் இறக்கும் தறுவாயில் தமக்குப்பின் ஆள்பவராக இவரையே அறிவித்தார். ஆயினும் அரியணை இவருக்கு வாய்க்கவில்லை, 1407இல் கொலையுண்டார். அக்பரின் தளபதி பீர்முகம்மது கான், மாளவத்து மன்னர் பாஜ் பகதூரைத் துரத்திச் சென்று 1562இல் நருமதையாற்றில் மூழ்கி மாண்டார். இவர்கள் இருவரையும் விட நம் நெஞ்சுக்கு நெருக்கமானவர் துருக்கியக் கடலோடி பீரி ரெயிஸ். ரெயிஸ் என்பது கப்பல் தலைவரைக் குறிக்கும் பட்டம். 1513இல் இவர் வரைந்த உலகப் படத்தின் ஒரு பகுதி 1929இல் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் கண்டெடுக்கப்பட்டது. அதில் அமெரிக்கக் கரையும் இடம்பெற்றிருக்கக் கண்டு அறிஞர்கள் வியந்தனர். அவருடைய முழுப்பெயர் அஹ்மத் முஹ்யித்தீன் பீரி. நெல்லைச் சீமையில் பீர்மைதீன் என்ற பெயருடையோர் எத்தனை பேர்! அந்த உதுமானியக் கடலோடியின் பெயரைத்தான் முன்பின்னாக மாற்றி நாம் வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆயினும் தென்காசி வட்டாரத்தில் இப்பெயர் இவ்வளவு வேரூன்றியதற்குத் தைமூரும் காரணமல்லர், அக்பரும் காரணமல்லர். அதற்கு உரியவர் தென்காசியிலேயே பிறந்தவர். தக்கலையில் அடக்கமாகியிருக்கும் ஞானி பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்களின் பிறப்பிடம் தென்காசி. தந்தையார் சிறுமலுக்கர், தாயார் ஆமினா என்பர். 17ஆம் நூற்றாண்டினர் என்பது பொதுவான கருத்து. நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தவர்கள் என்பது வழிவழிச் செய்தி. ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம், திருமெய்ஞ்ஞானச் சரநூல் எனத் தமிழில் அவர்கள் பாடி வைத்தவை பல. தக்கலையில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஞானப்புகழ்ச்சியை இரவெல்லாம் கூடியிருந்து பாடுகிறார்கள். கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இன்று தேயிலைத் தோட்டங்களால் அறியப்படும் பீர்மேடு, அவர்கள் தவமிருந்த மேடு என்ற வழக்கினால் அப்பெயர் பெற்றது என்பர்.

தென்காசியில் பிறப்பு, தக்கலையில் அடக்கம். இடையே மலைத்தொடர். தக்கலையும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை மலையாளத்து ஆட்சிப் பகுதியோடு இருந்தவை. ஆட்சி எல்லை எதுவாயினும் அந்தப் பெயர் மலையின் இருபுறமும் ஒன்றாகவே வழங்கிற்று. தறிக்குழியில் கால் வைத்து நாள் முழுதும் நூலோடு உழைத்த குடும்பங்கள் மிகுந்த பகுதி இது. தம்மைப் போலவே தறியில் இருந்த ஒருவர் ஞானியானார் என்னும் செய்தி அவ்வீடுகளில் எத்தகைய பெருமையை உண்டாக்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அரசர் பெயரை வைத்தவர்கள் அல்லர் அவர்கள். தம் தொழிலாளர் ஒருவரின் பெயரை வைத்தார்கள்.

ஒரு பெயரிலிருந்து எத்தனை கிளைகள்! பீர்மைதீன், பீரப்பா, பீர்கண்ணு, பெண்ணாயின் பீர்பாத்திமா, பீரம்மாள். நாகூரார் பெயரால் சாகுல் ஹமீதும் நாகூர் மீரானும் பெருகியதுபோல, பொட்டல்புதூர்ச் சுற்று வட்டத்தில் மைதீன் பெருகியதுபோல, தென்காசிக்கும் தக்கலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் பீர் பெருகிற்று. பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களோடு அதுவும் ஏறியது. 1941இல் சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீகை நிறுவியவர்களின் ஊர்க்காரர்கள் அங்கே இப்பெயரை 'பின்' சேர்த்து எழுதினர். மலேசியத் தமிழிலக்கியத்தில் சை. பீர்முகம்மது என்ற பெயர் அரை நூற்றாண்டுக்கு மேல் அச்சில் விளங்கிற்று. அவர் 2023இல் மறைந்தார்.

பெயர் பெருகியதற்கு இன்னொரு காரணம் நம் குடும்ப முறை. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது அன்று எழுதா விதி. அதில் ஒரு சுவையான சிக்கலும் இருந்தது. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் அன்றைய மரபாயிற்றே! பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க முடியாத தாய்மார்கள் "வாப்பா", "பெரியவரே", "ராசா" என்றெல்லாம் அழைத்துக் காலம் கழித்தார்கள். பால்மணம் மாறாத குழந்தையைப் "பெரியவரே, பால் குடிக்க வாங்க" என்று பணிவோடு அழைப்பது கேட்க எவ்வளவு இனிமையாயிருக்கும்! பீர் என்ற சொல்லின் பொருளை அறியாமலேயே அதனை அப்படியே தமிழில் மொழிபெயர்த்து வழங்கினார்கள் அந்தத் தாய்மார்கள்.

அப்பெயர் இன்று எங்கே போயிற்று? நாம் பார்த்த அளவில், பள்ளிவாசலின் முன்வரிசையில் நாற்காலியிட்டுத் தொழும் முதியோரிடையே பீர்முகம்மதுகளைக் காணலாம். மதரஸாவில் பாயிட்டு அமர்ந்திருக்கும் சிறுவரிடையே காண்பதரிது. 1980களின் பிற்பகுதியிலிருந்தே நம் சமுதாயத்தில் பெயர்களைப் பற்றிய விழிப்பும் விவாதமும் எழுந்தன. நாகூர் பிச்சை, மைதீன் பிச்சை போன்ற பெயர்கள், குழந்தையைத் தந்தவன் இறைவன் என்பதை மறைக்கின்றன என்று பலர் எடுத்துரைத்தனர். அவ்வாதத்தில் நியாயம் இருந்தது. நாமும் இப்பகுதியில் அதை மறுத்ததில்லை. ஆனால் களை பறிக்கும் வேகத்தில் பயிரும் சில இடங்களில் பறிபட்டது. பீர்முகம்மது என்ற பெயரில் எவருக்கும் எவரும் அடிமை என்ற பொருளில்லை. எவரும் பிச்சையளித்தார் என்ற பொருளுமில்லை. பெரியவர் முகம்மது, அவ்வளவே.

இரண்டாம் கேள்விக்கு வந்துவிட்டோம். அரபுச் சொல் அல்லாத பெயரை வைக்கலாமா? பொருள் நல்லதாயின் வைக்கலாம் என்பதே நாம் பெரியோர்பால் கேட்டறிந்தது. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் ஆகியவை அல்லாஹ்வுக்கு மிக உகந்த பெயர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். மாறு செய்பவள் என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயரை ஜமீலா என்று மாற்றினார்கள். அதைப் பார்க்கும்போது, மொழியை விடப் பொருளே நோக்கப்பட்டது என்பது விளங்கும்.

பாரசீகத்தை வெளியேற்றப் புறப்பட்டால் நம் பேச்சில் எத்தனையோ சொற்கள் வெளியேற வேண்டியிருக்கும். தர்கா பாரசீகம். பேஷ்இமாம் என்பதில் பேஷ் பாரசீகம். பிறந்த குழந்தையின் வலச் செவியில் நாம் சொல்கிறோமே பாங்கு, அச்சொல்லும் பாரசீகமே. அரபியில் அது அதான். பீர் என்ற பெயர் அரபியன்று என்று மறுப்பவரும் அதனைப் பாங்கு சொல்லி முடித்த பிறகே மறுக்கிறார்!

கணவர் அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்களைச் சகோதரி எழுதியிருக்கிறார். அஸ்லான், அயான், ரய்யான், பர்வேஸ். அஸ்லான் துருக்கிச் சொல். சிங்கம் என்பது பொருள். ஆகவே அதுவும் அரபு அன்று. அயான் என்பதற்கு 'இறைவனின் கொடை' என்று பட்டியலில் போட்டிருக்கிறதாம். அரபியில் அவ்வொலிக்கு அண்மையில் உள்ள சொற்களுக்குக் கண்கூடு என்றோ, ஊர்ப் பிரமுகர்கள் என்றோதான் பொருள் கிடைக்கிறது, கொடையைக் காணோம். ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் படியெடுப்பதால் ஒரு பொருள் உண்மையாகிவிடாது. ரய்யான் மிக நல்ல பெயர்; நோன்பாளிகள் நுழையும் சுவர்க்க வாயிலின் பெயர். ஆனால் அபூர்வமானது என்று சொல்ல இயலாது. இன்று எந்தத் தெருவில் நின்று அப்பெயரைக் கூவினாலும் இரண்டு சிறுவர்களாவது திரும்பிப் பார்ப்பார்கள். பர்வேஸ் என்பது வெற்றியாளன் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பிய கடிதத்தைக் கிழித்தெறிந்த பாரசீகப் பேரரசனின் பெயர் குஸ்ரூ பர்வேஸ் என்பதை, அப்பெயரை விரும்புவோர் அறிந்துகொண்டு விரும்புவது நலம்.

யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று பட்டியல்களைப் புரட்டுவோரெல்லாம் ஒரே பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். அதனால் அபூர்வமான பெயர்கள் அடுத்தடுத்த வீடுகளில் பிறக்கின்றன. அச்சன்புதூரில் இவ்வாண்டு பிறந்த குழந்தைகளிடையே உண்மையிலேயே அபூர்வமான பெயர் எதுவென்று கேட்டால், அந்தச் சகோதரியின் மாமனார் ஒரு முறை சொல்லிவிட்டு மௌனமான பெயராகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறோம்.

முன்னோர் பெயரை இடுவது வெறும் ஊர் வழக்கந்தானா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு மாரியா (ரலி) அவர்கள் வாயிலாக ஆண் குழந்தை பிறந்த இரவில், தம் தந்தை இப்ராஹீமின் பெயரை அதற்கு இட்டதாகத் தோழர்களிடம் தெரிவித்தார்கள் என்று ஹதீஸ் உள்ளது. எத்தனையோ தலைமுறைக்கு முந்திய பாட்டனார் பெயர் அது. மறுபக்கம் இன்னொரு வரலாறும் உண்டு. ஹஸ்ன் என்ற பெயருடைய ஒருவர் வந்தார். கரடுமுரடான நிலம் என்பது அப்பெயரின் பொருள். உம் பெயர் ஸஹ்ல் ஆகட்டும், அதாவது சமநிலம், எளிமை, என்று நபியவர்கள் மாற்றிக் கொடுத்தார்கள். என் தந்தை இட்ட பெயரை மாற்ற மாட்டேன் என்றார் அவர். அதனால் எங்கள் குடும்பத்தில் கடுமை நிலைத்துவிட்டது என்று அவருடைய பேரர், பெரும் அறிஞரான ஸயீத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) பிற்காலத்தில் சொன்னார். பெரியோர் இட்டது என்பதற்காகத் தீய பொருளைச் சுமக்க வேண்டியதில்லை என்பது இதனால் தெளிவு. ஆகவே முடிவு பொருளில் இருக்கிறது. இங்கே பொருளில் குறையில்லை.

இப்போது மூன்றாம் கேள்வி. இதைத்தான் நாம் எளிதிற் கடக்க விரும்பவில்லை. பெரியவர்கள் பலர் 'கேலிக்கெல்லாம் அஞ்சலாமா' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவர். கேலிக்கு ஆளாகப் போவது அவர்களல்லர். ஆறு வயதுக் குழந்தை. மதுக்கடைப் பலகையில் எழுதியிருக்கும் ஒரு பானத்தின் பெயரும் இப்பெயரின் முற்பகுதியும் தமிழில் ஒரே எழுத்தில் அமைந்துவிட்டன. முன்பு பீர்க்கங்காயோடு நின்றிருந்த வகுப்பறை வேடிக்கை அந்தப் பானத்துக்கு மாறிவிட்டது. மதுவைத் தொடாத சமுதாயத்துக் குழந்தையை அப்பெயரால் அழைத்துச் சிரிப்பது வேடிக்கைதான், சிரிப்பவர்களுக்கு. பெரியவனானதும் அரசிதழில் விளம்பரம் செய்து தன் பெயரின் முற்பாதியை விட்டுவிட்ட இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவருடைய தந்தையாரின் முகத்தையும் அன்று பார்த்தோம்.

இவ்விடர்ப்பாட்டைக் குறைக்க வழிகள் உண்டு. முதலாவது, பெயரைப் பிளந்து எழுதாதீர்கள். பீர் ஒரு சொல், முகம்மது ஒரு சொல் என்று எழுதினால், படிவங்களின் முதற்பெயர்க் கட்டத்தில் பீர் மட்டும் தனியே போய் உட்கார்ந்துகொள்ளும். வருகைப்பதிவேட்டில் ஆசிரியர் அதையே கூப்பிடுவார். மருத்துவமனையில் தாதியும் வங்கியில் எழுத்தரும் அதையே கூப்பிடுவர். பீர்முகம்மது என்று ஒரே சொல்லாக எழுதினால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும். இரண்டாவது, ஆங்கிலத்தில் எழுதும்போது அது அம்மொழி நெடுங்கணக்கின் 16ஆம் எழுத்தில் தொடங்க வேண்டும். 2ஆம் எழுத்தில் அன்று. அவசரத்தில் எழுதும் எழுத்தர்களிடம் இதைச் சொல்லிக் கொடுக்கத் தயங்காதீர்கள். பானத்தின் பெயர் 2ஆம் எழுத்தைச் சேர்ந்தது. பெரியவரின் பெயர் 'பள்ளி'யின் பகரத்தில் ஒலிப்பது. மூன்றாவது, குழந்தைக்குப் பேச்சு வந்தவுடன் அதன் பெயருக்குப் பொருளைச் சொல்லிக் கொடுங்கள். உன் பெயருக்கு என்ன பொருள் என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த பிள்ளையைக் கேலி செய்வது கொஞ்சம் கடினம். பிறர் பெயரின் பொருளைத் தெரிந்துகொள்ளாமல் சிரிப்பவர்களுள் பெரும்பாலோர்க்குத் தம் பெயரின் பொருளும் தெரியாது.

இவ்வளவு செய்தும் கேலி முழுவதும் நின்றுவிடும் என்று நாம் உறுதி கூறவில்லை. ஆகவே சகோதரியே, இதை நீங்களும் உங்கள் கணவரும் அமர்ந்து முடிவு செய்யுங்கள். நம் கருத்தைக் கேட்டால், அப்பெயரை வையுங்கள் என்போம். உங்கள் கணவருக்கு ரய்யான் என்ற பெயர் பிடித்திருக்குமானால் வீட்டில் அவ்வாறு அழையுங்கள். முன்பும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக இரண்டு இருந்தன அன்றோ? ஆனால் அதற்கு முன்னே ஒன்று செய்யுங்கள். மாமனாரிடம் அவருடைய வாப்பா எப்படிப்பட்டவர், என்ன வேலை செய்தார், எந்த ஊருக்கெல்லாம் போனார் என்று கேளுங்கள். கணவர் தொலைபேசியில் பேசும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டுப் பேசாதிருப்பவர், கேட்டால் பேசுவார்.

பதிவு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிந்துவிட வேண்டும். ஆனால் பெயரை அன்றே எழுதியாக வேண்டும் என்பதில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயரின்றியும் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை இடமுண்டு. ஆயினும் தாமதியாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்நாளிலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. அதில் விழும் எழுத்துப்பிழை வாழ்நாள் முழுதும் கூடவே வரும்.

வளைகுடாக் குடும்பம் என்பதால் இதையும் கவனியுங்கள். கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல்லாக மட்டும் பெயர் கொண்டவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் அறிவித்தது. கடவுச்சீட்டின் மறுபக்கத்தில் தந்தை பெயர் இருப்பின் ஏற்பதாகப் பின்னர் விளக்கமும் வந்தது. நாம் தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கமுடையவர்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவோம். பீர்முகம்மது என்று ஒரே சொல்லாக எழுதச் சொன்னோம் அல்லவா? அப்படி எழுதும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக அன்றி முழுமையாக எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

அடுத்த இதழில், பீர்முகம்மது அப்பா அவர்களின் தந்தையார் பெயரிலேயே உள்ள மலுக்கு என்பதை எடுத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ். மலுக்கு முகம்மது என்ற பெயருடைய முதியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருப்பின், அப்பெயரை அவருக்கு இட்டவர் யார் எனக் கேட்டு எழுதுங்கள். கடிதங்கள் இம்மாதம் 20ஆம் தேதிக்குள் கிடைக்குமாறு அனுப்புவது நலம்.